அழுவதற்கு ஒரு துளை

மரம் எந்த இடத்தில் கிளை விடுகிறதோ அந்த இடத்துக்கு அவர் கை போய்விடும். புளி, பலா, வேம்பு, பஸ்ஸுக்காக நாங்கள் ஒதுங்கி நிற்கிற பேர் தெரியாத ஏதோ ஒன்று, எதுவானாலும் சரி. பூவைப் பார்க்க மாட்டார். காயைப் பார்க்க மாட்டார். அடிமரத்திலிருந்து கிளை பிரிகிற கவட்டில் உள்ளங்கையை வைப்பார், காய்ச்சல்காரப் பிள்ளையின் கழுத்தைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. வைத்துக்கொண்டு, "தடிச்சிருக்கு பாத்தீங்களா?" என்பார்.

தடித்துத்தான் இருக்கும். அவர் சொல்வதற்கு முன்னால் எத்தனை ஆயிரம் வேம்புகளைக் கடந்திருப்பேன், ஒன்றில்கூட அதை நான் பார்த்ததில்லை. கிளை பிரியும் இடத்தில் மரம் தன் சதையைக் கொஞ்சம் கூடுதலாக வைத்துக் கட்டியிருக்கிறது. வேறெங்கும் வைக்காத சதை அது. காற்று அடிக்கப் போவது கிளையில் என்றாலும் வலிக்கப் போவது இங்கேதான் என்று அதற்கு யார் சொன்னார்கள்?

"முருங்கைக்கு மட்டும் யாரும் சொல்லலை" என்பார் அவர். "அது ஒரு கத்துக்குட்டி இன்ஜினீயரு. கிளையை அப்படியே ஒட்டவச்சு வுட்டுருச்சு. காக்கா ஒக்காந்தாலே முறிஞ்சிரும்."

ஐம்பதுகளின் பிற்பகுதி. ஆலங்குடிப் பக்கம் ஒரு கடலை எண்ணெய் ஆலையில் நான் ஸ்டோர் கிளார்க். பைப்பு, ஆணி, கிரீஸ், சாக்கு என்று வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுத்துப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. அவர் பைப்புகளை வரைகிறவர். ஆவூர்ப் பக்கத்து வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர். இளவயதில் பர்மாவுக்குப் போய், ரங்கூனுக்கு ஆற்றின் அக்கரையில் ஒரு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வரைபட அறையில் இருந்தவர். யுத்தத்தில் திரும்பி வந்தார். அங்கே என்ன ஆயிற்று என்று கேட்டால் ஒரே ஒரு வாக்கியம் வரும்: "அங்க ஒரு கிளை வாயைத் தொறந்துச்சு." அதற்கு மேல் கிடையாது. எத்தனை பேர் நின்றிருந்தார்கள், எவ்வளவு பெரிய பைப்பு, ஒன்றும் கிடையாது. பென்சிலைச் சீவ ஆரம்பித்துவிடுவார். சீவிச் சீவி முழுப் பென்சிலும் தீர்ந்துபோன நாளை நான் பார்த்திருக்கிறேன்.

முன்னால் அவருக்குப் பேர் பைப்பு சார். முதுகுக்குப் பின்னால் கவட்டை சார். அவருக்கும் தெரியும். "பொருத்தமாத்தான் வச்சிருக்கானுங்க" என்று சிரித்தார்.

அவரோடு தெருவில் நடப்பது ஒரு வாதை. நேராகப் போய்க்கொண்டிருப்போம், சட்டென்று நின்றுவிடுவார். ஓலைக் கொட்டகையில் குறுக்குக் கம்பு நெடுங்கம்பை விட்டுப் பிரிகிற முடிச்சு, கூஜாவில் மூக்கு ஒட்டின இடம், வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் திரும்புகிற மடை. ஆலங்குடிக் கடைவீதியில் தையல்காரர் அவரைக் கண்டதுமே கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுவார். இவர் சட்டைப் பையின் இரண்டு மேல் மூலைகளிலும் முக்கோணமாக ஒட்டுத்துணி வைத்துத் தைக்க வேண்டும்.

"சார், பையே கிழியலை, அதுக்குள்ள எதுக்கு ஒட்டு?"

"பை எப்பவும் கிழியாதுப்பா. பை சட்டையை வுட்டுப் பிரியுற மூலைதான் கிழியும். ஒன் வாழ்க்கையில நடுப்பை கிழிஞ்சு ஒரு சட்டையாவது வந்திருக்கா?"

தையல்காரர் யோசித்தார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, உண்மையாகவே உட்கார்ந்து யோசித்தார். பிறகு, "அட" என்று மட்டும் சொன்னார்.

இதெல்லாம் வேடிக்கை. வேடிக்கைக்கு அடியில் ஓர் அச்சம் இருந்தது. அதைப் பார்க்க எனக்கு ஒரு வருஷம் ஆனது.

ஆலையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கோடியில் பாய்லர். அதிலிருந்து எண்பது அடிக்கு ஒரு பெரிய இரும்புக் குழாய், மெயின் பைப்பு, கொட்டகைச் சுவரோரமாகத் தலைக்கு ஒரு முழம் மேலே ஓடும். ஆவி அதற்குள்ளே. நசுக்கின கடலையை அந்த ஆவியால் வேகவைக்கும் இரும்புக் கொப்பரைக்கு மெயின் பைப்பிலிருந்து ஒரு கிளை இறங்கும். சுவருக்குக் கீழே, பைப்புக்கு நேர் அடியில், பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சொத்தைக் கடலை பொறுக்குவார்கள். அவர்களுக்குத் தலைவி அஞ்சலை. நாற்பத்தைந்து வயதிருக்கும். ஆலை முழுக்க அவளுக்குப் பயப்படாத ஆள் பாய்லர் ஒன்றுதான்.

கிளை இறக்க மெயின் பைப்பில் ஓட்டை போட வேண்டும். ஓட்டை போட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"வட்டமா ஒரு வில்லை இரும்பை வெட்டி எடுக்கறோம். அது அதுவரைக்கும் சும்மாவா இருந்துச்சு? பாரத்தைத் தாங்கிக்கிட்டு இருந்துச்சு. நாம தூக்கி ஓரமாப் போட்டுட்டோம். இப்ப அது தாங்குன பாரத்தை யாரு தாங்கறது? ஓட்டையைச் சுத்தி இருக்கிற இரும்புதான். ஏற்கெனவே அது தலையில அதோட பாரம் இருக்கு."

அதனால் கிளையின் அடியைச் சுற்றி, சட்டைக்குக் காலர் வைப்பதுபோல, ஒரு வட்டத் தகட்டை வைத்து ஒட்டச் சொல்வார். வெட்டின இரும்பு எவ்வளவோ அவ்வளவு இரும்பை ஓட்டையைச் சுற்றியே திருப்பி வைத்தாக வேண்டும். வேறு எங்கே வைத்தாலும் கணக்கில் சேராது. அந்தக் காலரில் கால் அங்குலத்துக்கு ஒரு சின்னத் துளையும் போடச் சொல்வார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஈஸ்டருக்கு ஆவூர்த் தேர். பத்து நாள் லீவில் போனார். முதலாளி அந்தப் பத்து நாளில் இரண்டாவது கொப்பரையை இறக்கிவிட்டார். முதலாளி கெட்டவர் இல்லை, அவசரக்காரர். கடலை வண்டிகள் வாசலில் நிற்கின்றன, அவர் என்ன செய்வார்? "துண்டுப் பைப்பு ஏதாச்சும் இருக்காப்பா?" என்று ஆள் அனுப்பினார். இருந்தது. மூன்றடித் துண்டு. எடுத்துக் கொடுத்த கை என்னுடையது, பதிவேட்டில் எழுதின கையும் என்னுடையது. பழைய படத்தைப் பார்த்து வெல்டர் காலரை ஒட்டினான். துளையைத் தேவையில்லாத ஓட்டை என்று விட்டுவிட்டான்.

லீவு முடிந்து வந்தவர் கொட்டகைக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தார். கையிலிருந்த தேர்க்கடை முறுக்குப் பொட்டலத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, சாக்கு மூட்டை மேல் ஏறி, புதுக் கிளையின் அடியில் கை வைத்தார். அன்றைக்கே காலரில் துளை போட்டார். மூன்று நாள் தாள் தாளாகக் கணக்குப் போட்டார். நான்காம் நாள் முதலாளி முன்னால் போய் நின்றார். துண்டுப் பைப்பைக் கொடுத்தவன் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"இது வலிக்குங்க" என்றார்.

"இரும்புக்கு என்னய்யா வலி?"

"சூடு ஏறுனா மெயின் பைப்பு நீளுது. எண்பது அடிக்கு ரெண்டு விரக்கடை. சாக்பீஸ்ல கோடு போட்டு வச்சிருக்கேன், வந்து பாருங்க, தினமும் நடந்து போயிட்டு ராத்திரி திரும்பி வருது. புதுக் கொப்பரை சிமெண்டுல கால் ஊணி நிக்குது. நடுவுல இந்தக் கிளை குட்டையா, நேரா, வெறைப்பா இருக்கு. ஒருத்தன் இழுக்கறான், ஒருத்தன் வுட மாட்டேங்கறான். கம்பியை வளைச்சு வளைச்சு ஒடிப்பமே, அந்தக் கதை. பத்தடிப் பைப்பு குடுங்க, வளைச்சு ஒரு சுத்து சுத்தி வுட்டுர்றேன். அது பாட்டுக்குக் கூடவே அசைஞ்சுக்கும்."

முதலாளி தாள்களைப் புரட்டினார். "சரி, எப்ப ஒடியும்?"

ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். அடுத்த வாரம் என்றோ, அமாவாசைக்குள் என்றோ.

"அது தெரியாதுங்க."

"தெரியாதுல்ல? அப்ப சீசன் முடியட்டும்."

வெளியே வந்ததும் நான் அவரைத் திட்டினேன். "அடுத்த மாசம்னு அடிச்சு வுட்டிருக்கலாம்ல சார்?"

"கணக்குல வராததை எப்படிங்க சொல்றது?" என்றார். கோபமில்லை. நான் ஏதோ அவருக்குத் தெரியாத பாஷையில் பேசிவிட்ட மாதிரி பார்த்தார்.

இதற்கிடையில் அஞ்சலை. புதுக் கொப்பரைக்குப் பூசை போட்ட நாளிலேயே அவள் கிளையின் காலருக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தாள். அவர் துளை போட்ட பிறகோ கேட்கவே வேண்டாம். வட்டமான இரும்பு முகம், அதில் விரல் நுனி அளவுக்குக் குழி. பொட்டு வைக்கவென்றே செய்த மாதிரி. வெள்ளிக்கிழமைதோறும் பாய்லர் சூடாவதற்கு முன்னால் மூட்டைமேல் ஏறி, சந்தனத்தைக் குழைத்துக் குழியை நிறைத்து, மேலே குங்குமம் அழுத்துவாள். அடுத்த நாள் காலை அவர் ஊக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு அதே மூட்டைமேல் ஏறி அதைச் சுரண்டி எடுப்பார். இப்படி ஐந்து வாரம். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல்.

கொட்டகையில் பேச்சு கிளம்பிவிட்டது. வேதக்காரர் நம்ம பொட்டை அழிக்கிறார் என்றார்கள். சுரண்டிவிட்டு ஊக்கால் சிலுவை கீறுகிறார் என்றுகூட ஒருவன் சொன்னான். முதலாளியிடம் போயிற்று. அவர் இவரைக் கூப்பிட்டு, "எனக்கு ஆலை ஓடணும், ஊர்ச் சண்டை இங்க வேணாம். வெள்ளிக்கிழமைக்குள்ள அஞ்சலைகிட்டப் பேசி முடிங்க. இல்லைன்னா வேற எடம் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டார்.

வேறு இடம் ஏது அவருக்கு? அந்த வயதில், இந்த ஊர்ப்பக்கத்தில், பைப்பு வரைய? ஆனால் அவர் கவலைப்பட்டது அதற்கில்லை. "நான் போயிட்டா அதைச் சுத்தம் பண்ண ஆள் இல்லைங்க" என்றார். துணைக்கு வரச் சொன்னார். போனேன்.

அஞ்சலை நிமிரவில்லை. விரல்கள் கடலையில் ஓடிக்கொண்டிருந்தன.

"வாங்க ஆவூராரே. இன்னைக்கு எதைச் சொரண்டப் போறீங்க?"

"கேக்காம சொரண்டுனது தப்புதான் ஆத்தா."

"எங்க பொட்டு ஒங்களுக்கு ஆகாதாக்கும்."

"பொட்டு ஆகும். வைக்கிற எடந்தான் ஆகலை. அந்த ஓட்டை அடையக் கூடாது."

"ஓட்டை எதுக்காம்?"

"அழுவறதுக்கு."

பன்னிரண்டு பெண்களும் சிரித்தார்கள். ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவர் அண்ணாந்து கிளையைக் காட்டினார்.

"தகட்டுக்கு அடியில, கிளை பிரியுற எடத்துல, இரும்பு விரிசல் வுட்டா வெளியில தெரியாது. தகடு மூடிக்கிட்டிருக்கும். இந்த ஓட்டை தொறந்திருந்தா மொதல்ல ரெண்டு சொட்டுத் தண்ணி இது வழியா வரும். ஐயா எனக்கு முடியலை, பாத்துக்கன்னு அது நமக்குச் சொல்றது. ஓட்டையை அடைச்சுப்புட்டா சொல்லாது. உள்ளயே வச்சிருந்து ஒரேடியாச் சொல்லும்."

சிரிப்பு நின்றது. அஞ்சலை முதல் தடவையாக அண்ணாந்து பார்த்தாள். அந்தத் துளைக்கும் அவள் தலைக்கும் நடுவே கொட்டகைக் காற்றைத் தவிர எதுவும் இல்லை.

"எங்க தலைக்கு நேராவா?"

"நேராத்தான்."

"அடப் பாவி மனுசா!" கடலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்துவிட்டாள். "இதை மொத நாளே சொல்றதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? ஊக்கைத் தூக்கிக்கிட்டுத் திருடனாட்டம் ஏறி எறங்குறீங்க!"

"பயந்துருவீங்கன்னு..."

"பயந்தா நவந்து ஒக்காருவோம்ல! யாரு தலை இது, ஒங்க தலையா எங்க தலையா?"

ஒவ்வொரு இரும்புக்கும் சொல்ல வழி வைத்தவர், சொல்ல வேண்டியதைத் தனக்குள் வைத்து மூடியிருந்தார். அது அவருக்கு அந்த நிமிஷத்தில்தான் உறைத்திருக்க வேண்டும். காதுவரை சிவந்துபோனார்.

"நீங்க சொல்றது சரி ஆத்தா" என்றார்.

"சரிதான், பொட்டு வைக்காம வுட மாட்டேன். இத்தனை ஆவி இருக்கிற எடம்."

"வைங்க. ஓட்டைக்கு ஒரு விரல் கீழ வைங்க. சந்தனம் வேணாம், வெறும் குங்குமம்."

அன்றே பெண்கள் சாக்கை இழுத்துக்கொண்டு அங்கிட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள். ஒரு வாரம்தான். வண்டி வண்டியாக மூட்டை இறங்கியதில் இடமெல்லாம் அடைந்து, மேஸ்திரி அவர்களைப் பழைய இடத்துக்கே திரும்ப ஓட்டினார். ஆனால் இப்போது அவர்கள் அண்ணாந்து அண்ணாந்து பார்த்தார்கள். அதனால் எத்தனை சொத்தைக் கடலை நல்ல கடலையோடு போயிருக்குமோ, எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. அஞ்சலை துளைக்குக் கீழே பொட்டு வைத்து இறங்கியிருந்தாள். பாய்லரில் ஆவி ஏறி, வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டிருந்தார்கள். பைப்பு நடக்கத் தொடங்குகிற நேரம். நான் ஸ்டோர் வாசலில் நின்று ஒரு சாக்குக் கட்டை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"கவட்டை சார்!"

முகத்துக்கு முன்னால் அந்தப் பேரை யாரும் சொன்னதில்லை. அஞ்சலையின் குரல். "கவட்டை சார், அழுவுது!"

குங்குமம் கரைந்து சிவப்பாக ஒரு கோடு காலரிலிருந்து சுவருக்கு இறங்கிக்கொண்டிருந்தது. வெறும் தண்ணீராக இருந்திருந்தால் அந்தக் கரிச்சுவரில் யார் கண்ணுக்கும் பட்டிருக்காது. அவர் வரைபட மேசையிலிருந்து ஓடி வந்தார். ஓடுவார் என்றே நான் நினைத்திருக்கவில்லை. "எல்லாரும் அங்கிட்டுப் போங்க, கடலையை வுடுங்க, போங்க!" என்று கத்திக்கொண்டே போய் பாய்லரடி வால்வை அவரே இறுக்கி மூடினார். அஞ்சலை பதினொரு பெண்களையும் வாசலுக்குத் தள்ளிவிட்டுக் கடைசியாக வந்தாள். அதற்குள் துளையில் தண்ணீர் போய் ஆவி சீறத் தொடங்கியிருந்தது. ஊசி மாதிரி ஒரு சீற்றம். அரை நிமிஷம் சீறி, இளைத்து, நின்றது.

சூடு ஆறியபின் கிளையை வெட்டி இறக்கினார்கள். தகட்டைப் பெயர்த்தால், கிளை பிரிகிற அந்த இடத்தில், நான்கு விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். பாதிச் சுற்று போயிருந்தது. முதலாளி குனிந்து அதைப் பார்த்தார். பெண்கள் உட்கார்கிற இடத்தைத் திரும்பிப் பார்த்தார். கீழே சாக்கில் கடலை அப்படியப்படியே கிடந்தது.

"பத்தடி போதுமாய்யா?" என்று கேட்டார்.

"போதுங்க."

நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. முதலாளி போனதும் அஞ்சலையிடம் போய், பொட்டு எத்தனை மணிக்கு வைத்தாள், கரையும்போது வால்வு எவ்வளவு திறந்திருந்தது, முதலில் சொட்டா கோடா என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். அவள் பதில் சொன்னாள். நடுநடுவே திட்டினாள்.

இரண்டு நாளில் புதுப் படம் தயார். நாகப்பாம்பு படுத்த மாதிரி வளைந்து வளைந்து இறங்கும் பத்தடிக் கிளை, அடியில் காலர், காலரில் துளை. துளைக்கு ஒரு விரற்கடை கீழே இன்னொரு சின்ன வட்டம், அதற்கும் அளவு போட்டு, அம்புக்குறி இழுத்து, அழகான கையெழுத்தில்: பொட்டு. இனி இந்த ஆலையில் எந்தக் கிளையும் இப்படித்தான் என்றார்.

படத்தின் மூலையில் இரண்டு கட்டங்கள் இருந்தன. வரைந்தவர் என்பதில் அவர் கையெழுத்து. சரிபார்த்தவர் என்பது காலி.

"இங்க்கு பேடு இருந்தா எடுத்துக்கிட்டு வாங்க" என்றார் என்னிடம்.

படத்தைச் சுருட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். அஞ்சலை முன்னால் ஒரு மூட்டைமேல் அதை விரித்தார். அவள் பொட்டைப் பார்த்தாள், துளையைப் பார்த்தாள், விரலை வைத்து இடைவெளியை அளந்துகூடப் பார்த்தாள். "சரியாத்தான் இருக்கு" என்றாள்.

"அப்ப இந்தக் கட்டத்துல ஒங்க கைநாட்டு ஒண்ணு வேணும்" என்றார். நான் மைப்பெட்டியைத் திறந்து நீட்டினேன்.

அஞ்சலை மைப்பெட்டியைப் பார்த்தாள். பிறகு எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"கைநாட்டா? எனக்கு எழுதத் தெரியாதுன்னு ஒங்களுக்கு யாரு சொன்னது?"

அவருடைய கணக்கில் நான் பார்த்த ஒரே தப்பு அது. அதை அங்கேயே ஒத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, இரண்டு கையாலும் கொடுத்தார். அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுதினாள். அ. வெகு நேரம் கழித்து ஞ். ச. அந்தக் காலத்து லை, யானை மாதிரித் தும்பிக்கை தூக்குகிற லை. தும்பிக்கை மேலே ஏறிக் கட்டத்தின் கோட்டைத் தாண்டி வெளியே போய் வளைந்து நின்றது.

"வெளிய போயிருச்சே" என்றாள்.

அவர் மைக் கோட்டை அழித்து நான் பார்த்ததில்லை. சவரக்கத்தி வில்லையை எடுத்தார். கட்டத்தின் மேல்கோட்டை நோகாமல் சுரண்டினார். அவள் எழுத்து முழுவதும் உள்ளே வருகிற அளவுக்குத் தள்ளி, ஸ்கேல் வைத்து, புதிதாக ஒரு கோடு போட்டார்.